டிஎம்ஜே இமேஜிங்: தாடை மூட்டுப் படம்

வாயைத் திறக்கும்போது காதருகே ‘டக்’கென்று சத்தம் வருகிறது என்றோ, காலையில் எழுந்ததும் தாடை பிடித்துக்கொள்கிறது என்றோ பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளை வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் பல் மருத்துவரிடம் அழைத்து வருகிறார்கள். அவர்களில் சிலருடைய சீட்டில் ‘டிஎம்ஜே இமேஜிங்’ என்று எழுதப்படுகிறது. வீட்டார் அதனைத் ‘தாடைக்கு ஸ்கேன்’ என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். எந்தத் தாடை, எந்த ஸ்கேன் என்ற இரண்டும் அந்தச் சொல்லில் இல்லை. வளரும் பிள்ளையைப் பொறுத்தவரை அவ்விரண்டும் தெளிவாக இருந்தாக வேண்டும்.

டிஎம்ஜே என்பது ‘டெம்போரோமேண்டிபுலர் ஜாயிண்ட்’ என்பதன் சுருக்கம். இலத்தீன் மொழியில் ‘டெம்போரா’ என்பது கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட பகுதியைக் குறிக்கும். நாம் ‘பொட்டில் அறைந்தாற்போல்’ என்று சொல்லும்போது கருதுகிற அதே பொட்டுதான். ‘மாண்டிபுலா’ என்பது மெல்லுதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்து கீழ்த்தாடைக்குப் பெயரானது. ஆகவே பொட்டெலும்பும் கீழ்த்தாடையும் கூடுமிடம் என்பதே சொல்லின் நேர்ப்பொருள். ‘பொட்டுத்தாடை மூட்டு’ என்று எழுதினால் அப்பொருள் குறைவின்றி வந்துவிடும்.

தாடைக்குத் தமிழில் பழைய பெயர்கள் பல உண்டு. ‘கொடிறுடைக்கும் கூன்கையர்’ என்ற குறள் தொடரில் வரும் கொடிறு கன்னத்தையும் தாடையையும் குறிக்கும். மடக்கிய கையால் தாடையை உடைப்பவரைச் சொல்லும் அத்தொடர், குத்துச்சண்டை பழகும் பிள்ளைகள் இன்றும் உள்ள ராயபுரத்துக்கும் வியாசர்பாடிக்கும் அந்நியமானதல்ல. அணல், அலகு என்பனவும் உண்டு. ஆனால் நோயாளியின் தாய்க்குக் கேட்டதும் விளங்க வேண்டிய இடத்தில் ‘தாடை’யை விட்டு வேறொன்றைத் தேடுவது தேவையற்றது. மூட்டு என்பதற்கு மாற்றாகக் ‘கீல்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. கீல்வாதம் என்பதில் அது வாழ்கிறது. கதவின் கீலும் அதே சொல்லாதலால், தாடை மூட்டின் வேலையில் பாதியை மட்டுமே அது உணர்த்தும்.

மீதிப் பாதியை விரலால் அறியலாம். காதுமடலுக்குச் சற்று முன்னால் சுட்டுவிரலை வைத்து வாயை மெல்லத் திறந்தால், முதலில் உள்ளே ஏதோ சுழல்வதும், பிறகு அது முன்னோக்கி வழுக்கி நகர்வதும் தெரியும். அப்படிச் சுழன்று நகர்வது கீழ்த்தாடையின் மேல்நுனியில் உள்ள உருண்ட பகுதி. விரல் கணுவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் ‘கொண்டைல்’ என்று பெயர் வந்தது. தமிழில் ‘தாடைக் குமிழ்’ எனலாம். குமிழுக்கும் பொட்டெலும்புக்கும் நடுவே ஒரு நார்த்தகடு இருக்கிறது. அது ‘டிஸ்க்’, தமிழில் ‘வட்டு’. வட்டு தன் இடத்தைவிட்டு முன்னே நழுவியிருந்து, வாயைத் திறக்கையில் குமிழ் அதன்மேல் ஏறும்போதுதான் அந்த ‘டக்’ பெரும்பாலும் எழுகிறது.

இனி ‘ஸ்கேன்’. ஏறுதல் என்ற பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்து, முதலில் செய்யுளைச் சீர் சீராகப் பிரித்துப் பார்ப்பதற்கு வழங்கிய சொல் அது. நம் யாப்பிலக்கணத்தின் ‘அலகிடுதல்’ அதற்கு வியக்கத்தக்க இணை. இன்று ‘வருடல்’ என்று எழுதுகிறோம். மருத்துவத்தில் அதைவிடப் ‘படம்’ என்பதே எனக்கு உகந்ததாகப் படுகிறது. ‘எக்ஸ்ரே படம்’ என்று மக்கள் எப்போதோ சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

எந்தப் படம் என்பதில்தான் கவனம் வேண்டும். பல் சிகிச்சையில் முதலில் எடுக்கப்படும் ‘ஓபிஜி’, அதாவது ஆர்த்தோபாண்டோமோகிராம், பின்லாந்தின் இர்யோ பாட்டெரோ உருவாக்கிய முறையில் வந்தது. நேர், முழுமை, வெட்டு, எழுத்து என்று பொருள்படும் நான்கு கிரேக்கக் கூறுகள் அதில் சேர்ந்துள்ளன. ‘தாடை முழுப்படம்’ என்றால் போதும். குமிழ் உடைந்திருந்தாலோ பெரிதும் உருமாறியிருந்தாலோ அதில் தெரியலாம். நுட்பமான மாற்றம் தப்பிவிடும், வட்டு தெரியவே தெரியாது. ‘சிபிசிடி’யைக் ‘கூம்புக்கதிர்க் கூறுபடம்’ எனலாம். எலும்பின் மேற்பரப்பைக் கூறுகூறாகக் காட்டும், கதிர்வீச்சு வழக்கமான சிடியைவிடப் பொதுவாகக் குறைவு. வட்டை அதுவும் காட்டாது. வட்டையும் மூட்டுக்குள் சேரும் நீரையும் காண ‘எம்ஆர்ஐ’ என்னும் காந்த ஒத்ததிர்வுப் படம் வேண்டும். அதில் எக்ஸ்கதிர் இல்லை. ஆனால் வாய் மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் தனித்தனியே எடுக்க வேண்டும். பல்லில் உலோகக் கிளிப் போட்டிருந்தால் படம் கலங்கக்கூடும் என்பதால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

வளரும் வயது என்பதால் கூடுதலாகச் சில செய்திகள். தாடைக் குமிழின் மேலுள்ள உறுதியான எலும்புப் படலம் ஏறத்தாழ 20 வயதைக் கடந்த பிறகே முழுமை பெறுகிறது. ஆகவே பதின்வயதினர் படத்தில் அந்த விளிம்பு தெளிவற்றிருப்பதை மட்டும் கொண்டு தேய்மானம் என்று முடிவு கட்டக் கூடாது. கீழ்த்தாடை வளர்ச்சியில் குமிழுக்கு முக்கியப் பங்கு உண்டு. மோவாயில் விழுந்த குத்து குமிழை முறித்து, அது கவனிக்கப்படாமல் போனால், முகம் ஒருபுறம் கோணலாக வளரலாம். சிறார் மூட்டழற்சி வலியே இல்லாமல் இம்மூட்டைத் தாக்கக்கூடும். அதைத் தொடக்கத்திலேயே காண, படத்தைத் துலக்கிக் காட்டும் ‘கான்ட்ராஸ்ட்’ மருந்து செலுத்தி எடுக்கும் காந்த ஒத்ததிர்வுப் படமே தக்கது. மாறாக, வலியின்றி, மூன்று விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்து, சத்தம் மட்டும் வரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் எந்தப் படமும் வேண்டியதில்லை. இளம் உடல் கதிர்வீச்சுக்கு எளிதில் ஆட்படும் என்பதால், ‘எதற்கும் ஒரு படம் எடுத்து வைப்போம்’ என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

‘வாய்ப்பூட்டு’ என்ற வழக்கையும் இங்கே பிரித்தறிய வேண்டும். தாடைத் தசை இறுகி வாய் திறவாத நிலைக்கு, குறிப்பாக வில்வாத சன்னி என்னும் ‘டெட்டனஸ்’ நோயில் காணும் நிலைக்கு, அது பெயர். அது ஓர் அறிகுறி. மூட்டின் பெயரும் அன்று, மூட்டு நோயின் பெயரும் அன்று.

சீட்டில் எழுதும் முறைக்கு எடுத்துக்காட்டு: ‘பொட்டுத்தாடை மூட்டு, இருபுறமும்; காந்த ஒத்ததிர்வுப் படம்; வாய் மூடியும் திறந்தும்; வயது 15; பல்லில் கிளிப் உண்டு; வட்டின் இடம் அறிய.’