நாய்க்குச் சிப் போட்டாச்சு, சரி. போன் நம்பரைப் பதிந்தீர்களா?

"சிப் போட்டா நாய் எங்க நிக்குன்னு செல்லுல பாத்துக்கலாம்லா டாக்டர்?" பாளையங்கோட்டைப் பக்கம் சிப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வருகிற கேள்வி இதுதான். பார்க்க முடியாது. நாயின் தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலுக்கடியில் ஊசியால் செலுத்துகிற அரிசி மணி அளவு குப்பி அது. பேட்டரி கிடையாது. ஸ்கேனரை ஒட்டிக் காட்டினால் 15 இலக்க எண் ஒன்று தெரியும், அவ்வளவுதான். உங்கள் பெயர்கூட அதில் இருக்காது.

பின்னே எதற்கு? நம்ம பக்கத்துக் கன்னி இன நாயை எடுத்துக்கொள்ளுங்கள். காணாமல் போன ஒரு கன்னிக்கு இரண்டு வீட்டார் உரிமை கொண்டாடினால், "கண்ணுக்கு மேல ரெண்டு பொட்டு இருக்கும்" என்று இருவருமே சத்தியம் செய்வார்கள். கன்னி என்றாலே அந்தப் பொட்டு இருக்கும்தானே! கழுத்துப்பட்டையை யாரும் கழற்றிவிடலாம். சிப் எண் ஒட்டிய தடுப்பூசி அட்டை கையில் இருந்தால் பஞ்சாயத்து அங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் கண்டெடுத்தவர் உங்களைத் தேடி வரவேண்டுமென்றால், சிப் பதிவேட்டில் அந்த எண்ணோடு உங்கள் போன் நம்பரும் பதிவாகியிருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். சிப்பைப் போட்டுவிட்டுப் பதிவை மறந்துவிடுகிறார்கள். இல்லையென்றால் சிம்மை மாற்றிவிட்டுப் பழைய நம்பரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். சென்னை மாநகராட்சி 2025-இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு சிப்பையும் கட்டாயமாக்கியது. இங்கேயும் சட்டம் வரட்டும் என்று காத்திருப்பானேன்?

நாய் ஓடிவிட்டால், அதுவும் தீபாவளி வெடிக்கு மிரண்டு ஓடியிருந்தால், முதலில் நடந்தே தேடுங்கள். மிரண்ட நாய் பக்கத்திலேயே ஏதாவது வண்டிக்கடியிலோ முள்செடி மறைவிலோ பதுங்கியிருக்கலாம். தெரு அடங்கிய பிறகும் விடியற்காலையிலும் கூப்பிட்டுப் பாருங்கள். பால்காரர், தூய்மைப் பணியாளர், டீக்கடைக்காரர் மூவரிடமும் படத்தைக் காட்டுங்கள். திருட்டு என்று சந்தேகம் வந்தால் காவல் நிலையத்தில் சிப் எண்ணோடு புகார் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள்.

வாட்ஸப்பில் படம் போடும்போது ஓர் அடையாளத்தையாவது சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். "நாய் எங்ககிட்டதான் இருக்கு, மொதல்ல ஜிபே பண்ணுங்க" என்று யாராவது கூப்பிட்டால் அந்த அடையாளத்தைக் கேளுங்கள். வயிற்றில் இருக்கும் தழும்பை அவர் எங்கே கண்டார்?

வழியில் நாயைக் கண்டெடுத்தவர்களுக்கு ஒன்று. பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் ஸ்கேனர் இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். தோள்பட்டையில் எண் வராவிட்டால் சிப் இல்லை என்று உடனே முடிவு கட்டவேண்டாம். சில நாய்களுக்கு அது நகர்ந்து முன்னங்கால் பக்கம் இறங்கியிருக்கும். கழுத்திலிருந்து முழங்கை வரை, இரண்டு பக்கமும் மெதுவாக ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.