கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம்: ஊர்ப் பணத்தில் என்ன வேலை என்பது எப்போது முடிவாகிறது?

தெருவில் ஜல்லி வந்து கொட்டிய பிறகுதான் நம்மில் பலருக்கு ஒரு வேலை நடக்கப்போவதே தெரிகிறது. "மழைத்தண்ணீர் அந்தப் பக்கம்தானே நிற்கிறது, கால்வாயை ஏன் இந்தப் பக்கம் எடுக்கிறீர்கள்?" என்று அப்போது கேட்டால், வேலை செய்பவரால் எதையும் மாற்ற முடியாது. அவர் கையில் இருப்பது இடமும் அளவும் குறித்துக் கையெழுத்தாகிவிட்ட மதிப்பீடு. அந்த மதிப்பீட்டுக்கு முன்னால் ஒரு திட்டமும், அந்தத் திட்டத்துக்கு முன்னால் ஒரு கிராம சபைத் தீர்மானமும் இருந்திருக்க வேண்டும். அந்தக் கேள்வியை அங்கே கேட்டிருந்தால் கால்வாய் சரியான பக்கம் போயிருக்கும்.

கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் என்பது அந்தத் திட்டம்தான். அடுத்த நிதியாண்டில் ஊராட்சிக்கு வரப்போகும் பணத்தை எந்த வேலைக்கு, எந்த இடத்தில், எவ்வளவு செலவழிப்பது என்று ஊரே கூடி எழுதிவைக்கும் ஆண்டுத் திட்டம். இதைத் தலைவரும் ஊராட்சிச் செயலரும் மட்டும் உட்கார்ந்து எழுதும் கணக்கு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது சரியல்ல. அரசமைப்புச் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்க்கப்பட்ட 243ஜி பிரிவு, பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்கும் திட்டம் தீட்டும் அதிகாரத்தை ஊராட்சிகளுக்குத் தர வழி செய்கிறது. குடிநீர், சாலை, தொடக்கக் கல்வி, மகளிர் மற்றும் குழந்தைகள் நலம் என்று 29 துறைகள் பதினோராவது அட்டவணையில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுக்கும் ஒப்புதல் தருவது கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் அந்தச் சபையின் உறுப்பினர். அழைப்பிதழ் யாரும் தர வேண்டியதில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது

திட்டம் போடுவதற்கு முன் கையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் போன்றவை ஊராட்சியின் சொந்த வருவாய். அதற்கு மேல் மாநில நிதிக் குழு மானியம் வரும். அதில் பெரும்பகுதி தெருவிளக்கு, மோட்டார் மின்கட்டணம், பணியாளர் ஊதியம் என்று அன்றாடச் செலவிலேயே கரைந்துவிடும். புதிய வேலைகளுக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் மத்திய நிதிக் குழு மானியம், அதாவது மத்திய அரசின் நிதிப் பகிர்வைப் பரிந்துரைக்கும் குழுவின் சொற்படி வரும் பணம்.

15-ஆவது நிதிக் குழு, 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு நாடு முழுவதும் உள்ள ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அதில் 60 விழுக்காடு நிபந்தனையுள்ள மானியம். அதிலும் பாதி சுகாதாரத்துக்கு, அதாவது திறந்தவெளியில் மலம் கழிக்காத நிலையைக் காப்பது, கழிவு மேலாண்மை ஆகியவற்றுக்கு. மறுபாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றுக்கு. மீதி 40 விழுக்காட்டை ஊரின் தேவைக்கேற்ப எந்த வேலைக்கும் எடுக்கலாம், சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் மட்டும் கூடாது என்றது அந்தக் குழு. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்க வேண்டும், கணக்குகளை இணையத்தில் ஏற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் அதில் இருந்தன.

ஓர் ஊராட்சிக்கு இந்த மானியத்தில் ஆண்டுக்கு 20 லட்சம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கணக்கில் 6 லட்சம் சுகாதாரத்துக்கு, 6 லட்சம் தண்ணீருக்கு, 8 லட்சம் ஊரின் விருப்பத்துக்கு. ஆக, "20 லட்சம் வந்ததே, எங்கள் தெருவுக்கு ஏன் சிமெண்ட் ரோடு போடவில்லை?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில், ரோட்டுக்கு எடுக்கக்கூடியது அந்த 8 லட்சம் மட்டுமே என்பதுதான். இதைத் தலைவர் சபையில் விளக்கிச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும். 2026 ஏப்ரல் முதல் 16-ஆவது நிதிக் குழுவின் காலம். விகிதங்கள் குழுவுக்குக் குழு மாறக்கூடியவை. அதனால் கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது: "அடுத்த ஆண்டு நமக்கு எவ்வளவு வரும், அதில் எவ்வளவுக்கு நிபந்தனை இருக்கிறது?"

எப்போது போக வேண்டும்

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 கிராம சபைகள். எல்லாவற்றுக்கும் போக முடிந்தால் நல்லது. ஒன்றுக்குத்தான் முடியும் என்றால் அக்டோபர் 2 கூட்டத்துக்குப் போங்கள். 2018 முதல் நாடு முழுவதும் மக்கள் திட்டமிடல் இயக்கம் தொடங்கும் நாள் அது. பொதுவாக டிசம்பர் இறுதி வரை நடக்கும். சில ஆண்டுகளில் ஜனவரிக்கும் நீண்டிருக்கிறது. இந்த மூன்று மாதங்களில்தான் ஊரில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கணக்கெடுத்து, தேவைகளை வரிசைப்படுத்தி, திட்டத்தைச் சபையின் ஒப்புதலுக்கு வைப்பார்கள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் தங்கள் உறுப்பினர்களின் தேவைகளைத் தனியாகத் தொகுத்து இந்தத் திட்டத்தில் சேர்க்கக் கொடுக்கவும் வழி இருக்கிறது. பல ஊர்களில் உருப்படியான கோரிக்கைகள் இந்த வழியாகத்தான் வருகின்றன, ஏனென்றால் குடம் தூக்குபவர்கள் அவர்கள்தான்.

சபை செல்லுபடியாகக் குறைந்தபட்ச வருகையும் உண்டு: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். கையெழுத்து மட்டும் வாங்க நோட்டு வீடு வீடாகப் போவது தவறு. தீர்மானத்தைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டு, கூட்டத்தில் இருந்துகொண்டே கையெழுத்துப் போடுங்கள்.

கோரிக்கையை எப்படி வைப்பது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நல்ல கோரிக்கைகள் திட்டத்தில் ஏறாமலே போவதும், ஏறியும் பயனில்லாமல் முடிவதும் பெரும்பாலும் இங்கேதான்.

"எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை" என்பது குறை. அதை அப்படியே திட்டத்தில் எழுத முடியாது. எழுதினாலும் யாரோ ஒருவர் தன் ஊகப்படி ஒரு வேலையாக மாற்றிவிடுவார். அனேகமாக அது புதிய போர், அதாவது ஆழ்துளைக் கிணறாக இருக்கும். ஆனால் தண்ணீர் வராததற்குக் காரணம் பல. போரில் ஊற்று குறைந்திருக்கலாம். ஊற்று நன்றாக இருந்து, மோட்டார் திறன் போதாமல் இருக்கலாம். மேல்நிலைத் தொட்டி நிறைந்தும், தெருக்கோடி வீடுகளுக்குப் போகும் குழாயின் விட்டம் சிறியதாக இருக்கலாம். எல்லாம் சரியாக இருந்து, நடுவில் ஒரு வால்வு பழுதாகி இருக்கலாம். வால்வு மாற்றுவதற்கும் புதிய போர் போடுவதற்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். காரணத்தைத் தேடாமல் போர் போட்டால் பணமும் போகும், தெருக்கோடி வீட்டுக்குத் தண்ணீரும் வராது. அதனால் சபைக்குப் போகும் முன் தொட்டி இயக்குபவரிடம் பேசுங்கள். எந்த மாதங்களில் குறைகிறது, எத்தனை வீடுகளுக்கு, எந்த நேரத்தில் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

அடுத்தது நிலம். வேலைக்குப் பணம் ஒதுக்கிய பிறகு இடம் கிடைக்காமல் நின்றுபோவது கேள்விப்படாத செய்தி அல்ல. அங்கன்வாடியோ, மண்புழு உரக் கொட்டகையோ, எதுவாக இருந்தாலும் அதன் சர்வே எண் என்ன, அது யார் பெயரில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பட்டா நிலம் என்றால் உரிமையாளர் முறையாக எழுதித் தர வேண்டும். "அண்ணன் தரேன்னு வாயால சொல்லிட்டார்" என்பது போதாது. நீர்நிலைப் புறம்போக்கில் கட்டடம் கட்டவே கூடாது. குளக்கரை காலியாகத்தானே கிடக்கிறது என்று அங்கே திட்டம் போட்டால் நாளைக்கு நீதிமன்றம் வரை போகும்.

அப்புறம், வேலை முடியும் இடம். கழிவுநீர்க் கால்வாய் கேட்கும்போது தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று சொல்லாமல் கேட்டால், தெருவின் சாக்கடையைத் தெருக்கோடி வீட்டின் வாசலில் கொண்டுபோய் விடுவதாகத்தான் முடியும். கொண்டுசேர்க்க இடம் இல்லாத தெருக்களுக்கு, மண்ணின் தன்மை இடம் கொடுத்தால், வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி செலவு குறைந்த நல்ல வழி. சுகாதாரத்துக்கான நிபந்தனை மானியத்திலேயே அதைக் கேட்கலாம்.

எல்லாவற்றையும் விட அதிகம் மறக்கப்படுவது பராமரிப்பு. பொதுக் கழிப்பறை கட்டுகிறோம். தண்ணீர் இணைப்பு எங்கிருந்து? தினமும் கழுவுவது யார்? அவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கில்? மின்கட்டணம் யார் கட்டுவது? இந்த நான்கு கேள்விக்கும் பதில் இல்லாமல் கட்டிய கழிப்பறை ஒரு வருடத்தில் பூட்டிக்கிடக்கும். பூட்டிய கழிப்பறையைக் கடந்து காட்டுப்பக்கம் நடக்கும் பெண்களை நினைத்தால் மனசு ஆறாது. கட்டுவதற்கு முன்பே இந்தக் கேள்விகளைச் சபையில் கேட்டு, பதிலைத் தீர்மானத்தில் எழுத வையுங்கள்.

இவ்வளவையும் சேர்த்தால் கோரிக்கை இப்படி மாறும்: "கிழக்குத் தெருவில் இந்த வீட்டிலிருந்து இந்த வீடு வரை, 32 வீடுகளுக்கு, பழைய குழாயை எடுத்துவிட்டுப் பெரிய விட்டக் குழாய் பதிக்க வேண்டும். இடம் ஊராட்சிச் சாலை. குடிநீர் மானியத்தில் எடுக்கலாம்." இதைத் தட்டிக்கழிப்பது கடினம்.

எந்த வேலை முதலில்

வந்த கோரிக்கைகள் எல்லாவற்றுக்கும் பணம் இருக்காது. வரிசைப்படுத்தும்போது சத்தமாகப் பேசுபவரின் தெரு முன்னால் போய்விடுவது இயல்பாக நடக்கும். அதனால் வார்டு அளவில் முதலில் பேசிவிட்டு, எத்தனை பேருக்குப் பயன், வேறு வழியே இல்லாதவர்கள் யார், தள்ளிப்போட்டால் செலவு கூடுமா என்று பார்த்து முடிவு செய்வது நல்லது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகள் பல ஊர்களில் தள்ளி இருக்கும். அங்கிருந்து கூட்டத்துக்கு வருபவர்களும் குறைவாக இருப்பார்கள். அங்கே உள்ள குறையை அங்கே போய் நடந்து பார்க்காமல் போட்ட வரிசை, என் கணக்கில் வரிசையே இல்லை. வறுமை ஒழிப்பு, நலவாழ்வு, குழந்தைகள், நீர், தூய்மையும் பசுமையும், கட்டமைப்பு, சமூக நீதி, நல்லாட்சி, பெண்கள் என 9 கருப்பொருள்களில் திட்டம் அமைய வேண்டும் என்று இப்போது வழிகாட்டுதல் இருக்கிறது. சாலையும் கால்வாயும் மட்டுமே நிறைந்த திட்டம் வந்தால் இதைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம்.

பிற திட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் குழாய் பதிக்கப்போகும் தெருவில் அதற்கு முன் சிமெண்ட் சாலை போட்டால், போட்ட சாலையையே வெட்ட வேண்டிவரும். குழாய் முதலில், சாலை பிறகு. சாதாரண விஷயம்தான், ஆனால் இரண்டு திட்டங்களையும் ஒரே கூட்டத்தில் பேசினால்தான் இது கண்ணில் படும்.

ஒப்புதலுக்குப் பிறகு

சபை ஒப்புக்கொண்ட திட்டம் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஏற்றப்படும். 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்ட தளம் இது. மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் உங்கள் ஊரின் திட்டத்தை யாரும் பார்க்கலாம். சபையில் ஒத்துக்கொண்ட பட்டியலும் தளத்தில் உள்ள பட்டியலும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்குத்தான் கூட்டத்தன்றே தீர்மானத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வது. நிதிக் குழு மானியத்தில் செலவு, திட்டத்தில் ஏறிய பணிகளின் பெயரில்தான் நடக்க வேண்டும். நடுவில் வெள்ளம், மோட்டார் எரிந்துபோவது போன்ற அவசரம் வந்தால் சபையின் ஒப்புதலோடு துணைத் திட்டம் சேர்க்க இடமுண்டு.

பிறகு ஒன்றியப் பொறியாளர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு போடுவார். தொகையைப் பொறுத்து நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் தரும் அதிகாரி மாறுவார். டெண்டர், பணி ஆணை, வேலை, அளவுப் புத்தகத்தில் பதிவு, பணம் என்ற வரிசையில் மற்றவை நடக்கும். பொறியாளர் அளக்க வரும் நாளில் தெருக்காரர் ஒருவர் கூடப் போவது மிகவும் பயனுள்ளது. மழைக்காலத்தில் தண்ணீர் எந்த உயரம் வரை நிற்கும் என்று வெயில் காலத்தில் வந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

வேலை நடக்கும்போது பெயர்ப் பலகையில் பணியின் பெயர், தொகை, எந்த நிதி என்று இருக்க வேண்டும். மதிப்பீட்டின் நகல் வேண்டுமென்றால் ஊராட்சியில் கேளுங்கள். கிடைக்காவிட்டால், 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். சாலையின் நீளம், அகலம், கனம் மூன்றும் மதிப்பீட்டில் இருக்கும். ஒரு அளவு நாடா இருந்தால் போதும். குறைவாக இருந்தால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபையிலும் அதையே பொருளாக வைக்கலாம்.