எல்லாம் டி டிரைவ்லதான் இருக்கு தம்பி

கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலைக்கு வந்து 17 வருடம் ஆகிறது. விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர்களில் பத்திர எழுத்தர் அலுவலகம், அச்சகம், ஆடிட்டர் ஆபீஸ், போட்டோ ஸ்டுடியோ என்று நான் ஏறி இறங்காத படி குறைவு. "சிஸ்டம் ஆன் ஆகமாட்டேங்குது" என்று போன் வந்து நான் போய் நின்றால், முதலில் கேட்பது ஒன்றைத்தான்: முக்கியமான ஃபைல்கள் எங்கே இருக்கின்றன? அதற்குப் பெரும்பாலும் வரும் பதில்தான் மேலே தலைப்பாக இருக்கிறது.

அந்தப் பதிலை அப்படியே நம்பி ஒருமுறை, விண்டோஸ் இருக்கும் சி டிரைவை ஃபார்மட் அடித்துவிட்டேன், அதாவது முழுக்க அழித்துவிட்டேன். தொழிலுக்கு வந்த புதிது. பத்திர எழுத்தர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், ஊருக்கே அண்ணாச்சி. அவர் சொன்னதில் பொய் கிடையாது. பழைய பத்திரங்கள் எல்லாம் டி டிரைவில் ஒழுங்காக இருந்தன. ஆனால் கடைசி எட்டு மாத வேலை முழுவதும் டெஸ்க்டாப்பில் கிடந்தது. சிஸ்டத்தைப் போட்டதும் கண்ணெதிரே தெரிகிற இடம் என்பதால், அது சி-யிலும் சேராது டி-யிலும் சேராது, தனி இடம் என்று அவர் நினைத்திருந்தார். இன்றைக்கும் அப்படி நினைப்பவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். டெஸ்க்டாப் என்பது சி டிரைவில், யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள், உங்கள் பெயரில் இருக்கிற இன்னொரு ஃபோல்டர். டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் இரண்டும் அதே வீட்டில்தான் குடியிருக்கின்றன. நாமாக இடம் மாற்றி வைக்காதவரை, சி-யை அழித்தால் மூன்றும் சேர்ந்து போய்விடும்.

பதிவான பத்திரம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு நகல் வாங்கலாம். பதிவுக்குப் போகாமல் பாதியில் நின்ற வரைவுகளுக்கு எங்கே போவது? ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டுத் தேடினேன். கொஞ்சம் வந்தது, ஆனால் பெயர் இல்லாமல் வந்தது. வெறும் வரிசை எண் போட்ட நானூற்றுச் சொச்சம் ஃபைல்கள். அண்ணாச்சி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ராத்திரி பத்து மணி வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க, முதல் இரண்டு வரியைப் படித்து "இது கீழத்தெரு பாகப்பிரிவினை, இது அந்தத் தோப்புக் கிரயம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அன்றிலிருந்து யார் என்ன சொன்னாலும், டெஸ்க்டாப்பை நானே திறந்து பார்க்காமல் ஒரு சிஸ்டத்திலும் கை வைப்பதில்லை.

அது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். அதில் ஒரு ஃபைலை அழித்தால், "இந்த இடம் காலி" என்ற குறிப்பு மட்டும்தான் மாறும். மேலே வேறு எதுவும் எழுதப்படும்வரை உள்ளே இருந்தது அப்படியே கிடக்கும். அதனால்தான் அந்த நானூறாவது மீண்டது. இப்போது வருகிற சிஸ்டங்களில் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கிற டிஸ்க். வேகம் அருமை. ஆனால் ஒரு ஃபைல் அழிந்ததுமே, அந்த இடம் இனித் தேவையில்லை என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும். ட்ரிம் என்று அதற்குப் பெயர். எஸ்எஸ்டியும் அந்த இடத்தைத் துடைத்து வைத்துவிடும். அப்புறம் மீட்பது அநேகமாக நடக்காது. பென்டிரைவில் நேரடியாக அழித்தது ரீசைக்கிள் பின்னுக்கும் வராது. "போனா எடுத்துக்கலாம்" என்ற தைரியத்துக்கு இனி இடமில்லை.

வைரஸ் பயம் எல்லோருக்கும் இருக்கிறது. நியாயமான பயம்தான். ஆனால் நான் பார்த்தவரை வைரஸ் கொண்டுபோனதைவிட, எங்கே வைத்தோம் என்று தெரியாமல் தொலைந்தது அதிகம். இருக்குமிடம் தெரியாத ஃபைலை யாரும் பேக்கப் எடுப்பதில்லை. ஃபோல்டரை ஒழுங்காக வைப்பது அழகுக்குச் செய்கிற வேலை என்றே பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது பாதுகாப்பு வேலை.

பெயரிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. பத்திர எழுத்தருக்கு ஒரு நிலத்தின் அடையாளம் சர்வே எண். பத்திரத்தில் 124/3 என்று இருக்கும். விண்டோஸில் ஃபைல் பெயருக்குள் சாய்கோடு போட முடியாது. சாய்கோடு, நட்சத்திரக் குறி, கேள்விக்குறி என்று மொத்தம் ஒன்பது குறிகளை அது ஏற்பதில்லை. உடனே ஓர் ஆபரேட்டர் 124-3 என்று அடிப்பார். இன்னொருவர் 124 3 என்று இடம் விடுவார். அவசரத்தில் ஒருவர் 1243 என்றே அடித்துவிட்டுப் போவார். அதே ஊரில் 1243 என்று வேறொரு சர்வே எண்ணே இருக்கலாம்! மூன்று மாதம் கழித்து அந்த நிலத்துக்காரர் வந்து நிற்கும்போது, தேடும் பெட்டியில் எதை அடித்தாலும் பாதிதான் கிடைக்கும். நான் நடுவில் சிறு கோடு போடச் சொல்வேன். வேறு மாதிரி போட்டாலும் சரிதான், அந்த அலுவலகத்தில் எல்லோரும் அதையே போட வேண்டும்.

தேதியில் ஆண்டு முதலில் வரட்டும்: 2025-06-09. நாளை முதலில் போட்டால் 1-12-2023, 2-3-2025, 3-1-2022 என்று வருடங்கள் கலந்து நிற்கும், ஏனென்றால் கம்ப்யூட்டர் இடப்பக்கத்திலிருந்துதான் ஒப்பிட்டுக்கொண்டு வருகிறது. ஆண்டு, மாதம், நாள் என்று போட்டு, ஒற்றை எண்ணுக்கு முன்னால் பூஜ்யமும் சேர்த்துவிட்டால் வரிசை தானாக நிற்கும்.

ஆட்களின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம் என்பது என் கட்சி. சண்முகம் என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள். தமிழில் பெரும்பாலும் ஒரே விதம்தான். எல்லா சிஸ்டத்துக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் அடித்த தமிழ்ப் பெயரை விண்டோஸும் ஆண்ட்ராய்டு போனும் சிக்கல் இல்லாமல் காட்டுகின்றன, தேடியும் தருகின்றன. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-ல். அதற்கு முன்னும், சில இடங்களில் அதற்குப் பின்னும், பாமினி, வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த ஃபைல்கள் இன்னும் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. அவற்றுக்குள் இருப்பது கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஆங்கில எழுத்துகள். எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். உள்ளே இருக்கும் சொல்லைத் தமிழில் அடித்துத் தேடினால் ஒன்றும் வராது. எனவே அவற்றுக்கு ஃபைலின் பெயர் ஒன்றுதான் பிடி. அந்த எழுத்துருவின் நகல் ஒன்றையும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். புது சிஸ்டத்தில் திறந்து பார்த்துவிட்டு, "ஃபைல் கெட்டுப்போச்சு" என்று அழித்தவர்கள் உண்டு. ஒன்றும் கெடவில்லை, எழுத்துருதான் இல்லை.

ஓர் அச்சகத்தில் நடந்தது இது. கல்யாணப் பத்திரிகை. டெஸ்க்டாப்பில் வரிசையாக நான்கு ஃபைல்கள்: பத்திரிகை புதுசு, பத்திரிகை புதுசு 2, ஓகே, ஓகே லாஸ்ட். முகூர்த்தம் 7.30 முதல் 9 வரை என்றிருந்ததை, 9 முதல் 10.30 வரை என்று பெண் வீட்டார் திருத்திக் கொடுத்திருக்கிறார்கள். திருத்தம் ஏறியது "ஓகே"-யில். பிளேட்டுக்குப் போனது "ஓகே லாஸ்ட்". லாஸ்ட் என்று பெயர் வைத்த பிறகு வந்த திருத்தத்தை, ஆபரேட்டர் பழக்க தோஷத்தில் முந்தைய ஃபைலைத் திறந்து போட்டிருக்கிறார். 500 பத்திரிகை அடித்து, மஞ்சள் தடவி, பாதி விநியோகமும் ஆன பிறகுதான் தெரிந்தது. கடைசி, ஃபைனல், புதுசு போன்ற சொற்களை ஃபைல் பெயரில் வைக்காதீர்கள். 01, 02, 03 என்று எண் போடுங்கள். பெரிய எண்தான் நடப்பு. வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டுச் சம்மதம் சொன்னதை மட்டும் "அச்சுக்கு" என்று தனி ஃபோல்டரில் நகல் எடுத்து வையுங்கள். அந்த ஃபோல்டரில் எப்போதும் ஒரே ஒரு ஃபைல்தான் இருக்க வேண்டும்.

பத்திர அலுவலகத்தில் வேறொரு ஆபத்து. புதுக் கிரயம் எழுத, பழைய கிரயம் ஒன்றைத் திறந்து பெயரையும் சொத்து விவரத்தையும் மாற்றுவார்கள். மாற்றிவிட்டுக் கை தானாக கன்ட்ரோல் எஸ் அழுத்திவிடும். பழைய பத்திரம் அந்த நொடியே காலி. இதற்கு ஒரு சின்ன வேலை போதும்: மாதிரிகள் என்று ஒரு ஃபோல்டர் போட்டு, உள்ளே இருக்கும் ஃபைல்களின் ப்ராப்பர்ட்டீஸில் ரீட் ஒன்லி என்பதை டிக் செய்துவிடுங்கள். அதன்மேல் சேவ் செய்யப் போனால் வேறு பெயர் கேட்கும்.

ஃபோல்டரை வருடத்தில் தொடங்குவதா, ஆள் பெயரில் தொடங்குவதா? இதை எல்லோரும் கேட்கிறார்கள். உங்களிடம் வந்து கேட்பவர் எதைச் சொல்லிக் கேட்பார் என்று யோசியுங்கள். ஆடிட்டர் ஆபீஸுக்கு வருபவர் கடைப் பெயரைத்தான் சொல்வார். எனவே அங்கே கடைப் பெயர் முதலில், அதற்குள் 2023-24, 2024-25 என்று நிதியாண்டு. ஜிஎஸ்டி கணக்குகளை, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆறு வருடம் என்பது நீண்ட காலம். அதற்குள் சிஸ்டம் மாறும், ஆளும் மாறுவார்கள். அச்சகத்தில் நிலைமை வேறு. "போன தை மாசம் காதுகுத்துக்கு அடிச்சோமே" என்றுதான் வருவார்கள். அங்கே வருடமும் மாதமும் முதலில் வரட்டும்.

எதுவானாலும் மூன்று அடுக்குக்கு மேல் போக வேண்டாம். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று போய்க்கொண்டே இருந்தால், பாதை முழுவதும் சேர்ந்து 260 எழுத்தைத் தொடும்போது விண்டோஸ் வழக்கமாகத் தடுத்துவிடும். அது பெரும்பாலும் தெரிய வருவது பேக்கப் எடுக்கும்போது. பெயர் நீளம் என்று ஒரு பெட்டி வரும், அவசரத்தில் ஸ்கிப் கொடுப்போம், அந்த ஃபைல் மட்டும் பேக்கப்பில் இருக்காது.

வாட்ஸ்அப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "அது வாட்ஸ்அப்ல இருக்கு சார்" என்பதை வைத்த இடமாகக் கணக்கில் எடுக்காதீர்கள். பழைய படத்தை அழுத்தினால், அனுப்பியவரிடமே மறுபடி கேளுங்கள் என்று அது சொல்லிவிடும் நாள் வரும். வந்த அன்றே இறக்கி, பெயர் வைத்து, அவரவர் ஃபோல்டரில் போடுங்கள். ஆதார், பான் நகல்கள் டவுன்லோட்ஸில் குவிந்து கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. அடுத்தவருடைய அடையாள அட்டை அது. வேலை முடிந்து, வைத்திருக்க அவசியம் இல்லையென்றால் அழித்துவிடுங்கள்.

இனி டி டிரைவ். சி, டி இரண்டும் பெரும்பாலான சிஸ்டங்களில் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள்தான். விண்டோஸ் மட்டும் கெட்டால் டி பிழைக்கும். டிஸ்க்கே போனால் இரண்டும் போகும். பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் சொல்லிப் பரவிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். சின்ன அலுவலகத்துக்கு இதை எப்படிச் செய்வது? சிஸ்டத்தில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று. கூகுளில் 15 ஜிபி இலவசம். எழுத்து ஃபைல்களுக்கு அது தாராளம். ஆனால் சிஸ்டத்தோடு தானாக இணைந்து மாறுகிற ஃபோல்டரில் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பையில் 30 நாள் இருக்கும், அவ்வளவுதான். வெளி டிஸ்க்கை எப்போதும் சொருகியே வைக்காதீர்கள். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால், சொருகி இருப்பதையும் சேர்த்தே பூட்டும். நகல் எடுத்தபின் அதிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.

இதை எல்லாம் படித்துவிட்டுப் பத்து வருடக் குவியலை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிரிக்கத் தொடங்காதீர்கள். முடியாது, நடுவில் விட்டுவிடுவீர்கள், முன்பைவிட மோசமாகும். இருப்பதை எல்லாம் "பழையது" என்று தேதி போட்ட ஒரே ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டு, நாளையிலிருந்து வரும் வேலையைப் புது முறையில் வையுங்கள். பழையதில் ஒன்று தேவைப்படும்போது அதை மட்டும் எடுத்துப் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். இதில் ஒரு எச்சரிக்கை: டெஸ்க்டாப்பிலிருந்து டி டிரைவுக்கு மவுஸால் இழுத்துப் போட்டால் நகல்தான் போகும், பழையது அங்கேயே நிற்கும். ஒரே டிரைவுக்குள் இழுத்தால்தான் இடம் மாறும். இரண்டு இடத்திலும் ஒரே பத்திரம் இருந்து, ஒருவர் இதையும் இன்னொருவர் அதையும் திருத்திக்கொண்டிருந்த அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். கட் செய்து பேஸ்ட் செய்யுங்கள், போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டு மேலே நகருங்கள்.

அண்ணாச்சியின் அலுவலகத்தை இப்போது அவர் மகள் பார்த்துக்கொள்கிறார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு தாளில் எழுதி, மானிட்டருக்குப் பக்கத்துச் சுவரில் அண்ணாச்சியே ஒட்டிய பழக்கம் இன்னும் தொடர்கிறது: பத்திரங்கள் எந்த ஃபோல்டரில், பெயர் வைக்கும் முறை என்ன, வெளி டிஸ்க் எந்த மேஜை அறையில். அதன் கீழே பேக்கப் எடுத்த தேதிகளைப் பேனாவில் எழுதி எழுதி அடித்துக்கொண்டே வருகிறார்கள். போன மாதம் அங்கே எஸ்எஸ்டி செத்துப்போனது, ஒரு சத்தமும் இல்லாமல். நான் போய் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அவர் பேசாமல் சுவரைக் காட்டினார். அடிக்கப்படாமல் இருந்த கடைசித் தேதி முந்தின நாள் சாயங்காலம்.