"லைட் எரிஞ்சுதே சார்!"

நங்கூரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த படகின் மேல் இன்னொரு படகு ஏறிவிட்டது. பின்பக்கம் பிளந்து பட்டறைக்கு வந்தது. "லைட் எரிஞ்சுட்டுதான் சார் இருந்துச்சு" என்கிறார் சொந்தக்காரர். படகுகளில் மின்வேலை பார்க்கும் எனக்கு இந்த வசனம் அலுத்துப்போய்விட்டது. அவர் சொல்வது, நங்கூரம் போட்ட படகு இங்கே நிற்கிறது என்று காட்ட அவரே செய்து மாட்டிய சோலார் நங்கூர விளக்கை. அதன் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே புல்தரையில் குத்திவைக்கும் சோலார் விளக்கின் சாமான்கள்: 1.2 வோல்ட் செல் ஒன்று, மேல்நோக்கி ஒட்டிய எல்இடி ஒன்று. இரவு எட்டு மணிக்கு எரிந்திருக்கும், மறுக்கவில்லை. மோதியது விடியற்காலையில்.

சொந்தமாகச் செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் "பக்கத்தில் போய்ப் பார்த்தால் கண் கூசுது, அப்புறம் என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். கண் கூசுவது ஒரு அளவே இல்லை. 1972-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, 50 மீட்டருக்குக் குறைவான படகின் நங்கூர விளக்கு 2 கடல் மைல் தூரத்துக்குத் தெரிய வேண்டும். அதற்கு 4.3 கேண்டிலா செறிவு தேவை. அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் லூமென் என்பது எல்லாத் திசைக்கும் போகும் மொத்த ஒளி. கேண்டிலா என்பது ஒரு திசையில் போகும் செறிவு. எதிரே வரும் படகுக்காரர் உங்கள் விளக்கைக் கிட்டத்தட்ட கிடைமட்டத்தில்தான் பார்க்கிறார். எல்இடி வானத்தைப் பார்த்து இருந்தால், அதன் ஒளியில் பெரும்பகுதி நட்சத்திரங்களுக்குத்தான். எத்தனை லூமென் வாங்கினாலும் அவருக்குக் கிடைப்பது மிச்சம் மீதிதான். எல்இடிகளை ஒரு குழாயைச் சுற்றிப் பக்கவாட்டில் பார்க்கும்படி வையுங்கள். வேலை முடிந்ததும் சிறு படகில் தள்ளிப்போய், சுற்றி வந்து பாருங்கள். எந்தத் திசையிலும் மங்கக் கூடாது.

அடுத்தது கணக்கு. 1 வாட் விளக்கு இரவு முழுக்க, 13 மணி நேரம் எரிய 13 வாட்-மணி வேண்டும். 600 மில்லியாம்பியர்-மணி தோட்டத்து செல்லில் இருப்பது 0.72 வாட்-மணி. அதே விளக்கை முக்கால் மணி நேரம்கூட எரிக்காது! மேகம் மூடினாலும் மூன்று இரவு தாங்க வேண்டுமென்றால், 12.8 வோல்ட், 4 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வையுங்கள், அது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் சார்ஜ் கன்ட்ரோலரோடு. சோலார் பேனல் 10 வாட்டுக்குக் குறைய வேண்டாம். பாய்மர நிழல் குறுக்கே விழுந்தாலே அதன் உற்பத்தி சரிந்துவிடும்.

மின்னும் சர்க்யூட் வேண்டவே வேண்டாம். நங்கூர விளக்கு விடாமல் எரியும் வெள்ளை விளக்கு. மின்னினால் மிதவை என்று நினைப்பார்கள். இருட்டியதும் விளக்கைப் போடும் சென்சாரை விளக்கின் ஒளி படாத இடத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் தன் வெளிச்சத்தைப் பார்த்துத் தானே அணைந்து எரியும். வினிகர் வாடை அடிக்கும் சிலிகானைக் கொண்டு சர்க்யூட்டை மூடாதீர்கள், செம்பைத் தின்றுவிடும். வயர் வெள்ளீயம் பூசியதாக இருக்கட்டும்.

எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்குவது டிரைவர் சர்க்யூட். அது மலிவானதாக இருந்தால் இன்னொரு தொல்லை. சில எல்இடி விளக்குகள், படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோவைக் கெடுப்பதாக அமெரிக்கக் கடலோரக் காவல்படையே 2018-இல் எச்சரித்தது. சோதிப்பது சுலபம். ரேடியோவை யாரும் பேசாத சேனலில் வைத்து, இரைச்சல் அடங்கும் இடம் வரை ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் குமிழை) திருப்புங்கள். பிறகு விளக்கைப் போடுங்கள். இரைச்சல் திரும்பினால் அந்த டிரைவரைக் கழற்றி எறியுங்கள்.

7 மீட்டருக்குக் குறைவான படகுக்கு விதியில் சலுகை உண்டே என்று சிலர் வருவார்கள். உண்டு. ஆனால் குறுகிய கால்வாய், கப்பல் பாதை, நங்கூரத் துறை, மற்றவர்கள் வழக்கமாகப் போகும் இடம் ஆகியவற்றிலும் அவற்றின் அருகிலும் அது செல்லாது. நீங்கள் நங்கூரம் போடும் இடம் பெரும்பாலும் அதில் ஒன்றாகத்தான் இருக்கும்.

தயவுசெய்து சான்று பெற்ற விளக்கு ஒன்றையும் படகில் வைத்திருங்கள். நீங்கள் செய்தது அதற்குத் துணையாக எரியட்டும். புதிதாகச் செய்ததைக் கரையிலேயே, வெயில் இல்லாத நாளுக்கு மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஒருமுறை பாருங்கள்.