பழைய வழி எங்கே போச்சு?

பல வருஷம் கழித்து ஒரு கடலோரச் செங்குத்துப் பாறையில் ஏறப் போகிறவர்கள் முதலில் திணறுவது அதன் அடிக்குப் போய்ச் சேர்வதில்தான். அன்றைக்கு மணலில் நடந்து போன இடத்தில் இன்று இடுப்பளவு தண்ணீர். மணல் எங்கேயும் தொலைந்துவிடவில்லை: புயல்கால அலைகள் அதைக் கரையிலிருந்து அரித்துக் கொஞ்ச தூரத்தில் கடலடியில் குவித்து வைக்கும், கடல் அடங்கியதும் சின்ன அலைகள் மெல்ல மெல்லத் திரும்பக் கொண்டுவரும்.

பாறை விஷயம் அப்படி இல்லை, போனது போனதுதான். அலை வந்து மோதும்போது விரிசலுக்குள் இருக்கும் காற்று வெளியே போக வழியில்லாமல் இறுகும், அலை பின்வாங்கியதும் சட்டென்று விரியும், இது இரவு பகலாக நடப்பதால் விரிசல் நீண்டுகொண்டே போகும். கூடவே அலை தூக்கி அடிக்கும் கற்கள். இப்படி அடி குடைந்து போக, மேலே இருப்பது பிடிமானமின்றித் தொங்கி, ஒருநாள் விழுகிறது. விழுந்த பாறைகளே கொஞ்ச காலம் அடிவாரத்துக்கு அரணாக நிற்கும். அவற்றையும் அலை அரைத்துத் தள்ளியபின் மறுபடி குடைச்சல். அதனால்தான் பல வருஷம் அப்படியே நின்ற பாறை ஒரே நாளில் ஆளே மாறிவிடுகிறது. மால்டாவின் கோசோ தீவில் இருந்த அஸூர் விண்டோ என்ற பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் விழுந்தது, தாங்கி நின்ற தூணோடு சேர்த்து.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை பழைய போல்ட்கள், அதாவது ஏறுகிறவர்கள் கயிற்றை மாட்டுவதற்காகப் பாறையில் பதித்து வைத்திருக்கும் உலோக ஆணிகள். துருப்பிடிக்காத எஃகுதானே என்று நம்பிவிடுவோம். ஆனால் கடல் உப்பிலுள்ள குளோரைடும் உலோகத்துக்குள் இருக்கும் இழுவிசையும் சேர்ந்தால் அதிலும் நூலிழை விரிசல்கள் ஓடும், மேலே பளபளப்பு குறையாமலே இருக்கும், ஒரு ஆளின் எடைக்கே முறிந்த சம்பவங்கள் உண்டு. தாய்லாந்தின் ரைலே பகுதிச் சுண்ணாம்புப் பாறைகளில் டைட்டானியம் போல்ட்களைப் பசையால் ஒட்டிப் பதிப்பது இதனால்தான்.

சரி, போல்ட் புதுசு, வழியும் கிடைத்துவிட்டது, கடலும் ஓதம் இறங்கி உள்வாங்கத் தொடங்கியிருக்கிறது. அப்புறமும் ஒவ்வொரு பிடியையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டங்'கென்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. 'டொப்'பென்று உள்ளே காலியாகக் கேட்டால் பின்னால் விரிசல் இருக்கலாம், அதில் தொங்காதீர்கள்.