கறுப்புக் கோடுதான் முதலில் உதிரும்

ஒரு கிராமத்துக் கோயிலிலிருந்து மூன்று பேர் ஒரு பெரிய மூட்டையோடு என் பணிக்கூடத்துக்கு வந்தார்கள். உள்ளே கர்ப்பகிருகத்துக்கு முன்னால் மேற்கட்டியாகக் கட்டியிருந்த பழைய அஸ்மானகிரி, கையால் வரைந்து சாயமிட்ட கலம்காரித் துணி. "கும்பாபிஷேகம் வருகிறது, அழுக்காக இருக்கக் கூடாதே என்று சோப்புத் தூள் போட்டு ஒரு தடவைதான் அலசினோம், அம்மா. தண்ணீர் கறுப்பாக வந்தது. பயந்துபோய் நிறுத்திவிட்டோம்" என்றார் பெரியவர். அவர் குரல் தழுதழுத்தது.

மேசையில் விரித்தோம். நடுவில் இருந்த தாமரையின் சிவப்பு பெரிதாக மாறவில்லை. நான்கு மூலைகளிலும் யாளிகள் நின்றன. ஆனால் அவற்றைச் சுற்றி வரைந்த கறுப்புக் கோடுகள் இருந்த இடமெல்லாம் கத்தியால் கீறியதுபோல் பிளந்திருந்தது. உடல் இருந்தது, வரம்பு இல்லை. முகம் இருந்தது, விழி இருந்த இடத்தில் ஓட்டை.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய துணிகளைப் பாதுகாக்கும் வேலையில் இருக்கிறேன். என்னிடம் வரும் கலம்காரித் துணிகளில் பெரும்பாலானவை முதுமையால் கெட்டவை அல்ல. பக்தியோடும் பாசத்தோடும் யாரோ செய்த ஒரு காரியத்தால் கெட்டவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கறுப்பு எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிழைகள் நின்றுவிடும். கலம்காரிக்குத் துணியை முதலில் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் நனைத்துக் காயவைப்பார்கள். கடுக்காயில் துவர்ப்பு இருக்கிறது. பாலின் கொழுப்பு, கோடு கசிந்து பரவாமல் பிடித்துக்கொள்கிறது. பிறகு துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்துப் புளிக்கவைத்த நீரை மூங்கில் குச்சியில் தொட்டு வரைகிறார்கள். இரும்பும் துவர்ப்பும் சந்திக்கும் இடம் கறுக்கிறது. பழைய காலத்து எழுது மையும் இதே கூட்டுதான். பழைய காகித ஆவணங்களில் எழுத்து இருந்த இடம் மட்டும் பொத்தலாகிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். துணியிலும் அதுவே நடக்கிறது. இரும்பு ஆண்டுக்கணக்கில் பருத்தி இழையைத் தின்றுகொண்டே இருக்கும். பார்வைக்குக் கோடு அழுத்தமாகத் தெரியும், கீழே இழை பொடியாகியிருக்கும். நனைந்து கனத்த துணியைத் தூக்கினால் அந்தப் பொடி தண்ணீரோடு போய்விடும். சிவப்பு அப்படியில்லை. அது படிகாரத்தைப் பிடித்துக்கொண்டு சாயவேர் தரும் நிறம். படிகாரம் இரும்பைப்போல் இழையை அரிப்பதில்லை. அதனால்தான் தாமரை பிழைத்தது, யாளி பிளந்தது.

சோப்புத் தூளுக்குப் பதிலாகப் பூந்திக்கொட்டை போட்டால் சரியா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சரியில்லை. இங்கே ஆபத்து சோப்பில் மட்டும் இல்லை, ஈரத்திலேயே இருக்கிறது. அண்மைக் காலத்தில் ரசாயனச் சாயத்தில் தீட்டிய துணியென்றால் நிறம் கசிந்து ஒன்றோடொன்று கலந்துவிடவும் கூடும். இஸ்திரிப் பெட்டியையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். சூடு அந்த அரிப்பை விரைவுபடுத்தும்.

பிறகு என்னதான் செய்வது? தூசியை மட்டும் எடுங்கள். மென்மையான அகலத் தூரிகையால், இழை உறுதியாக இருக்கும் இடத்தில் மட்டும், ஒரே திசையில் தள்ளுங்கள். விளக்குப் புகையின் கரியைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள், அது இழைக்குள் இறங்கிவிடும். வௌவால் எச்சம், எண்ணெய், குங்குமக் கறை இவற்றை விட்டுவிடுங்கள். கறையோடு ஒரு துணி நூறாண்டு இருக்கலாம், கறை போக்கும் முயற்சியை ஒரு மாலைகூடத் தாங்காது.

மடிப்புதான் அடுத்த எதிரி. பீரோவில் எட்டாக மடித்து வைத்த துணி, பிரித்தால் மடிப்புக் கோட்டிலேயே கிழிகிறது. கைப்பிடிக்குள் அடங்காத அளவு பருமனான குழாய் ஒன்றை எடுத்து, கஞ்சி போகத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியை அதன்மேல் சுற்றி, ஓவியப் பக்கம் வெளியே இருக்கும்படி தளர்வாகச் சுருட்டுங்கள். அதன்மேல் இன்னொரு வெள்ளைத் துணி. பிளாஸ்டிக் உறை கூடாது. ஐப்பசி, கார்த்திகை ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அந்துருண்டை துணியைத் தொடக் கூடாது, அதன் நெடி உங்களுக்கும் நல்லதல்ல. வசம்பைச் சின்னத் துணிப்பையில் முடிந்து பக்கத்தில் வையுங்கள், போதும். ஆண்டுக்கு ஒரு முறை, மழை ஓய்ந்த தை மாதத்தில், நிழலில் விரித்துப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் போடுவது நம் வீட்டுப் பழக்கம். இந்தத் துணிகளுக்கு அது ஆகாது. மஞ்சள்தான் முதலில் வெளுக்கும். அவுரி நீலத்தின்மேல் மஞ்சள் பூசிப் பச்சையாக்கிய இலைகள் எல்லாம் சில பழைய துணிகளில் நீல இலைகளாக நிற்பது அதனால்தான். போன நிறத்தை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. அருங்காட்சியகங்கள் துணிக்கு ஏறக்குறைய 50 லக்ஸ் ஒளிதான் தருகின்றன. ஜன்னலோர வெளிச்சம் அதைப்போலப் பல மடங்கு.

சட்டகம் போடுகிறவர்களிடம் கொடுக்கும்போது கூடவே நில்லுங்கள். பாட்டியின் பூஜையறையில் இருந்த துணி ஒன்றை வெள்ளைப் பசை தடவி ஒட்டுப்பலகையில் ஒட்டி, கண்ணாடியை மேலே அழுத்தி ஒருவர் கொண்டுவந்தார். பலகையிலிருந்து துணியைப் பிரிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. முழுதாகப் பிரிக்க முடியவில்லை. சட்டகம் வேண்டுமென்றால் பருத்தித் துணியில் தைத்துப் பொருத்தச் சொல்லுங்கள், கண்ணாடி துணியைத் தொடாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

இன்னொன்றைச் சொல்லும்போது கோபம் வருகிறது. நீளமான கதைத் துணியைத் துண்டு துண்டாக வெட்டி விற்கிறார்கள். முதலில் போவது ஓரம். ஓவியத்தின் கீழே எழுதிய பெயர்களும் 'உபயம்' என்ற வரியும் பல துணிகளில் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன. அது போனால் எந்தக் கோயில், யார் கொடுத்தது என்று சொல்ல வேறு சாட்சி இல்லை. துணியை எடுக்கும்போதே ஓரம் உட்பட முன்னும் பின்னும் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். படம் என்ற சொல்லுக்கே துணி என்று பொருள் உண்டு, துணியில்தான் நாம் படம் பார்த்திருக்கிறோம்.

திருவிழாவுக்கு வேண்டுமே என்றால், புதிதாக வரையச் சொல்லுங்கள். கருப்பூர்க் கலம்காரி 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. கும்பகோணத்துப் பக்கம் இன்றும் குடும்பங்கள் குழல்போல் தொங்கும் தொம்பையும் வாசலில் தொங்கும் வாசமாலையும் குடைத்துணியும் வரைகின்றன. இந்தக் கலையை வளர்த்ததில் கோயில்கள் கொடுத்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. கொடிமரத்தின் காற்றும் விளக்கின் புகையும் படட்டும், புதிய துணிக்கு அதைத் தாங்கும் வலு இருக்கிறது.

அந்த மூன்று பேரும் அதையே செய்தார்கள். பிளந்த இடங்களுக்குக் கீழே மெல்லிய பட்டு வைத்து, மயிரிழை நூலால் தைத்து நிறுத்தினோம். காணாமல்போன கோடுகளை நான் வரையவில்லை. கும்பாபிஷேகத்துக்குப் புதிய அஸ்மானகிரி ஏறியது. பழையது கோயில் அலுவலக அறையில் குழாயில் சுருண்டிருக்கிறது. தை மாதம் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். நிழலில் விரித்துப் பார்த்தார்களாம், பூச்சி இல்லையாம். ஈசானிய மூலை யாளியின் அடியில் ஏதோ எழுத்துத் தெரிகிறது, வந்து படித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.