இறந்தவருக்குத் தரவேண்டிய கடனை யாரிடம் செலுத்துவது?

கடன் கொடுத்தவர் இறந்த பின், பணத்தைக் கேட்டு வந்த மகனிடம் அதைத் திருப்பித் தந்துவிட்டோம். சில மாதங்கள் கழித்து மகள் வந்து தன் பங்கைக் கேட்டால், அதே கடனை மறுபடியும் அடைக்க வேண்டுமா? இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925 இதற்கு விடை தருகிறது.

வாரிசு என்ற முறையில் ஒருவர் கடனுக்காக வழக்குத் தொடுத்தால், புரோபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று), நிர்வாக உரிமை ஆணை (இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க ஒருவரை நியமிக்கும் நீதிமன்ற ஆணை), இறங்குரிமைச் சான்று (இறந்தவருக்கு வரவேண்டிய கடன்களை வசூலிக்க நீதிமன்றம் தரும் சான்று) போன்ற ஆவணம் ஒன்றைத் தாக்கல் செய்யாதவரை கடனாளிக்கு எதிராக நீதிமன்றம் தீர்ப்பாணை வழங்கக் கூடாது என்கிறது பிரிவு 214. விவசாய நிலத்தின் குத்தகைப் பாக்கிக்கு இது பொருந்தாது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றை இந்த ஆவணங்களோடு குழப்பிக்கொள்பவர்கள் பலர். வாரிசுகள் யார் யார் என்று சொல்லும் அந்தக் காகிதம், கடனாளிக்கு இந்தச் சட்டம் தரும் காப்பைத் தராது.

இறங்குரிமைச் சான்று பெற்றவரிடம் நல்லெண்ணத்துடன் பணம் செலுத்தியவருக்குப் பிரிவு 381 முழுக் காப்பு அளிக்கிறது. ஆனால் சான்றில் குறிப்பிடப்பட்ட கடன்களுக்கு மட்டுமே அது செல்லும் என்பதால், தம் கடன் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பின்பே பணத்தைக் கொடுக்க வேண்டும். சான்று பின்னர் ரத்தானாலும், ரத்தானது தெரியாமல் செலுத்திய தொகை செல்லும் (பிரிவு 386). புரோபேட் ரத்தாவதற்கு முன் உயில் நிறைவேற்றுநரிடம் (உயிலை நிறைவேற்ற அதில் நியமிக்கப்பட்டவரிடம்) நல்லெண்ணத்துடன் செலுத்திய பணத்துக்கும் பிரிவு 297 இவ்வாறே காப்பு தருகிறது. இதனால் உண்மையான வாரிசு ஏமாந்துவிடுவதில்லை. பணத்தைப் பெற்றுக்கொண்டவர் உரியவருக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும் என்று பிரிவு 387 கூறுவதால், அவர் கேள்வி கேட்க வேண்டியது கடனாளியை அல்ல, பணம் வாங்கியவரைத்தான்.

நிலமோ வீடோ வாங்குவோருக்கு இவ்வளவு தாராளமான காப்பு இல்லை. இறந்தவர் இந்து, முஸ்லிம், பௌத்தர், சீக்கியர் அல்லது சமணர் என்றால், நீதிமன்றம் நியமித்த நிர்வாகி, அதன் முன் அனுமதியின்றி அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ 5 ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடவோ முடியாது. மீறிச் செய்தால், அந்தச் சொத்தில் உரிமையுள்ள எவரும் அதை ரத்து செய்யக் கோரலாம் (பிரிவு 307). உயில் நிறைவேற்றுநர் விற்கும்போது, உயிலிலேயே அதற்குத் தடை ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆகவே, நியமன ஆணையை மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பது போதாது. நிர்வாகியிடம் வாங்குபவர், விற்பனைக்கு அனுமதி அளித்த நீதிமன்ற உத்தரவின் சான்றிட்ட நகலையும் கேட்டு வாங்கி, அதிலுள்ள சொத்து விவரமும் கிரையப் பத்திரத்தின் சொத்து விவரமும் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும்.